மலையில் எலக்ட்ரானிக்ஸ் பெஞ்ச்: எர்த்தைக் கண்காணிக்கக் காலைநேர டெஸ்டரா, ஒற்றை ஒயரா, இரட்டை ஒயரா?

டிசம்பர் பாதி தாண்டியதும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்து ரிப்பேர் கடைகளிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. 'ரிஸ்ட் ஸ்ட்ராப் போட்டுத்தான் வேலை செய்கிறோம், அப்படியும் ஐசி போகிறது. ஸ்ட்ராப் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க எதையாவது வாங்கலாமா?' (உடம்பில் சேரும் நிலைமின்சாரம், அதாவது ஸ்டாட்டிக், போர்டில் உள்ள ஐசி சிப்பைத் தாக்காமல் எர்த்துக்கு வடிந்துபோக மணிக்கட்டில் மாட்டும் பட்டைதான் ரிஸ்ட் ஸ்ட்ராப்.) மொபைல் கடைக்காரர் கேட்கிறார். டீ ஃபேக்டரிகளில் தூளை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டரின் போர்டு, மோட்டார் டிரைவ் போர்டு எடுத்துச் சரிசெய்பவரும் கேட்கிறார். கோவையில் விசாரித்தால் வேலை நடக்கும்போதே ஸ்ட்ராப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் விலை கூடிய மானிட்டர் பெட்டியைக் கை காட்டுவார்கள். அந்தப் பதில் சமவெளிக்கு ஒருவேளை சரி. மலைக்கு அப்படியே பொருந்தாது.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு பேர் வேலை செய்யும் கடைக்கு, தினமும் காலையில் ஸ்ட்ராப்பைச் சோதிக்கும் ஒரு நல்ல டெஸ்டரும், சுவரில் உண்மையான எர்த்தும் போதும். நாள் முழுக்கப் போர்டு பொருத்தும் இடத்துக்கும், ஒரு போர்டு போனால் பெரிய தொகை கையைவிட்டுப் போகும் இடத்துக்கும் இரட்டை ஒயர் மானிட்டர். ஒற்றை ஒயர் மானிட்டரை இங்கே நான் சிபாரிசு செய்வதில்லை.

## மலையில் என்ன வித்தியாசம்

ஜனவரி காலை. வெளியே 5 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். கேட்டால் ஈரமான காற்று மாதிரிதான் இருக்கிறது. அதே காற்றைக் கடைக்குள் ஹீட்டர் போட்டு 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். காற்றில் இருக்கும் நீர் அதேதான். சூடான காற்று தாங்கக்கூடிய நீரின் அளவுதான் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. ஈரப்பதம் என்பது இரண்டுக்கும் உள்ள விகிதம், அதனால் சரிகிறது. அந்த வறண்ட அறையில் கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் நைலான் ஜாக்கெட், பிளாஸ்டிக் நாற்காலி. ஜாக்கெட்டைக் கழற்றும்போது 'படபட'வென்று கேட்பது சில ஆயிரம் வோல்ட்.

சுருக்கென்று நம் விரலில் உறைக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். ஸ்டாட்டிக் பாதுகாப்புக்கான ஏஎன்எஸ்ஐ/ஈஎஸ்டி எஸ்20.20, ஐஇசி 61340-5-1 ஆகிய தரநிலைகள் உடலிலிருந்து பாயும் 100 வோல்ட்டிலேயே கெடக்கூடிய பாகங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டுக்கும் நடுவே உள்ள அத்தனை வோல்ட்டும் நமக்குத் தெரியாமலே ஐசிக்குள் இறங்கும். பல சமயம் ஐசி உடனே சாகாது. காயப்பட்டு, டெஸ்ட் பாஸ் ஆகி, வாடிக்கையாளர் வீட்டில் இரண்டு மாதம் கழித்து நிற்கும்.

(நிலைமின்சாரம் என்றால் ஊட்டிக்குத் தனிப் பெருமையே உண்டு. இங்குள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம், 2014 டிசம்பர் 1 அன்று தலைக்குமேல் கடந்துபோன ஓர் இடிமேகத்தில் சுமார் 130 கோடி வோல்ட் இருந்ததை மியூவான் துகள்களை வைத்துக் கணக்கிட்டது. முடிவு 2019இல் வெளியானது. நம் பெஞ்சில் கவலைப்பட வேண்டியது என்னவோ அந்த 100 வோல்ட்டுக்குத்தான்.)

மழைக்காலத்தில் கதை வேறு. மூடுபனி இறங்கிய நாளில் ஸ்டாட்டிக் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அதே ஈரம் ஸ்ட்ராப்பின் பட்டனிலும் ஒயரின் மறுமுனையில் உள்ள பனானா பிளக்கிலும் பச்சை பிடிக்க வைக்கும். மழையில் பச்சை பிடித்த பட்டன் பனிக்காலத்தில்தான் தன் வேலையைக் காட்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

கையிலிருந்து பூமி வரை உள்ள பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். தோல், பட்டை, பட்டன், சுருள் ஒயர், பெஞ்சில் உள்ள சாக்கெட், அங்கிருந்து எர்த் ஒயர், சுவர், எர்த் குழி. சுருள் ஒயரின் பட்டன் முனையில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒளிந்திருக்கும். அது ஆளைக் காப்பாற்ற வைத்தது. தவறிப்போய் 230 வோல்ட்டைத் தொட்டாலும் ஸ்ட்ராப் வழியே 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. ஸ்டாட்டிக் வடிய அது தடையே இல்லை. ஆள் பட்டையை மாட்டிக்கொண்ட நிலையில் அளந்த மொத்த ரெசிஸ்டன்ஸ் 35 மெகா ஓமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது தரநிலை. அந்த எல்லையில் இருந்தாலும் உடம்பில் ஏறிய மின்னூட்டம் சில பத்து மில்லி செகண்டில் வடிந்துவிடும்.

இதை வைத்து நான்கு கேள்விகள்:

1. ஒயர் அறுந்தால் எவ்வளவு நேரத்தில் தெரியும்?
2. மேலே சொன்ன பாதையில் எந்தத் துண்டைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை?
3. வறண்ட தோல், மரத்தரை, ஸ்வெட்டர் கை இவற்றோடு ஒழுங்காக வேலை செய்யுமா?
4. வாங்கிய பிறகு என்ன செலவு, என்ன தொல்லை?

இரண்டாவது கேள்வியைத்தான் விற்பவர்கள் சொல்ல மறப்பார்கள், வாங்குபவர்கள் கேட்க மறப்பார்கள். மலையில் பாதை கெடுவது பெரும்பாலும் இரண்டு கோடியிலும்: ஒரு பக்கம் வறண்ட மணிக்கட்டு, மறுபக்கம் சுவர். ஒரே கருவி இரண்டையும் பார்ப்பது அபூர்வம்.

## முதலில் சுவர்

பழைய பங்களாக்களிலும், அவற்றைத் தடுத்து உண்டாக்கிய கடைகளிலும் இரண்டு பின் சாக்கெட் இன்னும் இருக்கிறது. அதைவிட மோசம், மூன்று பின் சாக்கெட் புதிதாக மாட்டி, பின்னால் எர்த் முனையில் ஒயரே இல்லாமல் விட்டிருப்பது. பார்வைக்கு எல்லாம் சரி. ரிஸ்ட் ஸ்ட்ராப், மேட் (ஸ்டாட்டிக் வடிய பெஞ்சில் விரிக்கும் விரிப்பு), சால்டரிங் ஸ்டேஷன், ஸ்கோப் (ஆசிலோஸ்கோப்) எல்லாம் அந்த 'எர்த்'தில் சேர்ந்து தொங்கும்.

அப்படித் தொங்கினால் ஸ்டாட்டிக்கை விடப் பெரிய தொல்லை வரும். ஸ்கோப், பவர் சப்ளை போன்ற கருவிகளின் உள்ளே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவிலிருந்து உடலுக்கு இணைத்த ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாதபோது அவை கருவியின் உடலைப் பாதி மெயின்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 115 வோல்ட்டுக்குத் தூக்கிவிடும். மெட்டல் உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுத் தடவினால் ஒரு மாதிரி 'சிர்ர்' என்று இருக்குமே, அதுதான். சால்டரிங் முனையிலும் அதே வோல்டேஜ் வந்து ஐசியின் காலைத் தொட்டால், ஸ்ட்ராப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க நம் ஊரில் ஒரு வழக்கம்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பது. இதை நீங்களாகச் செய்யவேண்டாம். எர்த் குழி அறுந்திருந்தால் அந்தப் பல்பு வழியாக ஃபேஸ், அதே எர்த்தில் இணைந்த எல்லாக் கருவிகளின் உடலுக்கும் போய்ச் சேரும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை எர்த் மீட்டரோடு வரச்சொல்லுங்கள். பாறை நிலத்தில் குழி ஆழமாகப் போகாது. பிப்ரவரி முதல் கோடைமழை வரை குழி காய்ந்தும் கிடக்கும். ஆகவே அளவை மழைக்காலத்தில் எடுத்துத் திருப்திப்படாமல் வறண்ட மாதத்தில் எடுக்கவேண்டும். முறைகள் ஐஎஸ் 3043இல் இருக்கின்றன, அவருக்குத் தெரிந்திருக்கும்.

மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே சகஜம். கையடக்க ஜெனரேட்டருக்கு மாறும் கடைகள், அந்த நேரத்தில் ஜெனரேட்டரின் உடலும் கட்டட எர்த்தும் இணைந்திருக்கின்றனவா என்பதையும் அன்றே கேட்டுவிடலாம்.

பெஞ்சுக்கென்று தனியாக ஓர் எர்த் கம்பி அடித்து, அதைக் கட்டட எர்த்தோடு சேர்க்காமல் விடுவதைச் சில கடைகளில் பார்க்கிறேன். 'சுத்தமான எர்த்' என்பார்கள். கூடாது. இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் வந்தால் அது உங்கள் மேட்டுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவேதான் நிற்கும். தனிக் கம்பி இருந்தால் கட்டட எர்த்தோடு இணைத்தாக வேண்டும். இணைப்பின் ரெசிஸ்டன்ஸ் 25 ஓமுக்குக் கீழே.

## மல்டிமீட்டர்

கையில் இருப்பதால் செலவில்லை. பட்டனிலிருந்து பனானா பிளக் வரை அளந்தால் 1 மெகா ஓம் அருகே காட்டவேண்டும். அளக்கும்போதே ஒயரை முறுக்கி, இழுத்துப் பாருங்கள், எண் தாவினால் உள்ளே அறுந்திருக்கிறது. தோலைப் பற்றி இது எதுவும் சொல்லாது. வீட்டில் எப்போதாவது ஒரு போர்டு திறப்பவருக்கு இது போதும்.

## காலை டெஸ்டர்

பட்டையைக் கையில் மாட்டி, ஒயரை டெஸ்டரில் செருகி, விரலால் ஒரு தகட்டை அழுத்தினால் சரி என்று பச்சை விளக்கு, அல்லது ரெசிஸ்டன்ஸ் அதிகம், அல்லது குறைவு என்று காட்டும். தோல், பட்டை, ரெசிஸ்டர், ஒயர் நான்கும் ஒரே சுற்றில் அளக்கப்படுகின்றன. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஒன்று வாங்கினால் கடையில் உள்ள எல்லோருக்கும் ஆகும்.

குறை இரண்டு. பெஞ்ச் சாக்கெட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று இது பார்ப்பதே இல்லை. டெஸ்டரில் பச்சை வந்து, பெஞ்சில் செருகிய சாக்கெட் காற்றில் தொங்கலாம். மற்றது நேரம். காலை ஒன்பதுக்குப் பாஸ் ஆன ஒயர் ஒன்பதரைக்கு அறுந்தால், மறுநாள் காலையில்தான் தெரியும். இடையில் தொட்ட போர்டுகள் எல்லாம் சந்தேகக் கணக்கு. இதற்கு மலிவான பாதி மருந்து, சாப்பாட்டுக்கு எழும்போதும் மாலையில் மூடும்போதும் இன்னொரு முறை அழுத்துவது. மாலையில் பாஸ் ஆனால் அன்றைய வேலையைப் பெரும்பாலும் நம்பலாம்.

மறைந்த செலவு மனிதர்களிடம் இருக்கிறது. பதிவேட்டில் திங்கள் முதல் சனி வரை ஆறு டிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் அவை சனிக்கிழமை மாலையில் போட்டவை. தேதிக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதச் சொன்னால் இது ஓரளவு அடங்கும்.

பனிக்காலத்தில் காலையில் 'அதிகம்' என்று காட்டும். உடனே டெஸ்டரைத் தட்டாதீர்கள். குளிரில் வறண்ட தோலின் ரெசிஸ்டன்ஸ் உண்மையிலேயே அதிகம்தான். இங்கே ஒரு வழக்கம் குறுக்கே வருகிறது. கை வெடிக்கிறது என்று தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொண்டு வருவோம். இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாதவை. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே படலமாக நின்று நிலைமையை மோசமாக்கும். மணிக்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, லேசான ஈரத்தோடு பட்டையை மாட்டினால் பெரும்பாலும் பச்சை வந்துவிடும். அப்படியும் வராதவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கென்றே விற்கும் நீர் கலந்த லோஷன் இருக்கிறது. துணிப் பட்டையை விட, கடிகாரச் சங்கிலி போல விரியும் மெட்டல் பட்டை வறண்ட தோலுக்கு நல்லது.

## ஒற்றை ஒயர் மானிட்டர்

நன்மை உடனே கண்ணில் படும். நீங்கள் ஏற்கனவே வைத்திருக்கும் சாதாரண ஸ்ட்ராப்பே போதும். பெஞ்சுக்கு அடியில் பெட்டியை மாட்டி, ஸ்ட்ராப்பை அதில் செருகினால் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அறுந்தால் உடனே கத்தும். இரட்டை ஒயரை விட மலிவு.

சிக்கல் அது அளக்கும் முறையில். ஒரே ஒயர் என்பதால் சுற்று முழுமையடைய வழியில்லை. ஆகவே சிறிய ஏசி சிக்னலை அனுப்பி, ஒயரின் முனையில் ஓர் ஆள் இருப்பது போன்ற கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) தெரிகிறதா என்று பார்க்கிறது. மனித உடலுக்கும் சுற்றுப்புற பூமிக்கும் இடையே 100 முதல் 200 பிகோ ஃபாரட் அளவில் இருக்கும். அந்த எண் ஆளைப் பொறுத்து மாறும், நாற்காலியைப் பொறுத்து மாறும், காலைத் தூக்கி ஸ்டூலின் கம்பியில் வைத்தால் மாறும். தரையைப் பொறுத்தும் மாறும். நாலடி உயரத்தில் பலகைத் தரை போட்ட பழைய பங்களாவில் கெப்பாசிட்டன்ஸ் குறைவு. சிமெண்டுத் தரையில் அதிகம். ஒருவருக்காகச் சரிசெய்து வைத்த எல்லை, அடுத்த ஷிஃப்டில் வருபவருக்குச் சும்மா கத்தும்.

சும்மா கத்துவதைக் கூடப் பொறுக்கலாம். கத்த வேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. குளிருக்குப் பயந்து ஸ்வெட்டர் கைக்கு மேலேயே பட்டையை மாட்டுபவர்கள் நம் ஊரில் ஏராளம். துணி வழியே மின்னூட்டம் வடியாது. ஆனால் ஏசி சிக்னல் மெல்லிய துணியைக் கெப்பாசிட்டர் போல ஓரளவு தாண்டிவிடும். எல்லையைக் கொஞ்சம் தாராளமாக வைத்திருந்தால் விளக்கு பச்சையாகவே நிற்கும். நீளமான சுருள் ஒயர் மெட்டல் பெஞ்சின் மேல் படுத்திருந்தால் அதுவே ஆள் மாதிரி தெரியவும் கூடும்.

ஏற்கனவே பல பெஞ்ச், எல்லாவற்றிலும் சாதாரண ஸ்ட்ராப், எல்லோரும் சிமெண்டுத் தரையில் ஒரே மாதிரி நாற்காலியில், ஒரு பெஞ்சில் எப்போதும் ஒரே ஆள்: இப்படி இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் காலை டெஸ்டரை நிறுத்தக் கூடாது.

## இரட்டை ஒயர் மானிட்டர்

இதில் பட்டையே இரண்டு பாதி. உள்ளே ஒன்றையொன்று தொடாத இரண்டு கடத்தும் பரப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர், தனி ரெசிஸ்டர். மிகச் சிறிய மின்னோட்டம் ஒரு பாதி வழியே போய், தோலைக் கடந்து, மறுபாதி வழியே திரும்புகிறது. ஊகம் எதுவும் இல்லை. ரெசிஸ்டன்ஸை நேராக அளக்கிறது. ஸ்வெட்டர் மேல் போட்டால் சுற்று கிடையாது, அலறும். தரை எதுவானாலும் கவலையில்லை, யார் உட்கார்ந்தாலும் எல்லையை மாற்ற வேண்டியதில்லை. ஒரு ஒயர் அறுந்தாலும் மற்றது ஆளை எர்த்தில் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது கூடுதல் லாபம். அலாரம் வந்த நொடிக்கு முன் தொட்ட போர்டைச் சந்தேகப்பட வேண்டாம்.

செலவைப் பார்ப்போம். டெஸ்டரின் விலையைப் போலப் பல மடங்கு, அதுவும் ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒன்று. பட்டையும் ஒயரும் இதற்கென்றே வாங்கவேண்டும். சாதாரணத்தை விட விலை அதிகம். ஊட்டியிலோ குன்னூரிலோ கடையில் கேட்டால் கிடைக்கிற சாமான் இல்லை. மழையில் மலைப்பாதை அடைத்த வாரத்தில் ஒயர் அறுந்தால் மானிட்டர் வெறும் பெட்டி. வாங்கும்போதே பெஞ்சுக்கு இரண்டு உபரி ஒயர் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஜனவரியில் வறண்ட தோலுக்கு இது அடிக்கடி அலறும். இது பொய் அலாரம் இல்லை. தொல்லை தாங்காமல் பஸ்ஸர் துளையின் மேல் செல்லோடேப் ஒட்டிவிடுவார்கள். அந்தப் பெஞ்சில் செலவழித்த பணம் வீண். மணிக்கட்டு வைத்தியத்தை முதலில் பழக்கிவிட்டு மானிட்டரை மாட்டுவதே நல்ல வரிசை.

எப்போதும் ஒரே திசையில் டிசி செலுத்தும் மாடல்களில் சிலருக்குப் பட்டைக்கு அடியில் தோல் சிவந்து அரிக்கும். துடிப்பு துடிப்பாகவோ திசை மாற்றியோ அளக்கும் மாடல் என்றால் அந்தப் பிரச்சினை குறைவு.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: 'இது கையை மட்டும் பார்க்கிறதா, மேட்டையும் எர்த்தையும் பார்க்கிறதா?' தோலைச் சுற்றி வரும் சுற்று, பெட்டியிலிருந்து சுவர் வரை உள்ள ஒயரைப் பற்றித் தானாக எதுவும் சொல்லாது. மேட்டைப் பார்க்கும் மாடலுக்கு மேட்டில் இரண்டாவது பட்டன் ஒன்று அடிக்கவேண்டி வரும். எர்த் சோதனையும் உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதை மலையில் நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

## காலுக்குப் பட்டை

கடத்தும் தரையும் குதிகால் பட்டையும் சேர்ந்த ஏற்பாடு, நின்றும் நடந்தும் வேலை செய்யும் கூடங்களுக்கு. உட்கார்ந்து வேலை செய்பவர் காலைத் தூக்கியதும் பாதை போய்விடும். அதனால் உட்காருபவருக்கு ரிஸ்ட் ஸ்ட்ராப் வேண்டும் என்று தரநிலைகளே சொல்கின்றன. தடித்த கம்பளிக் காலுறைக்குள் குதிகால் பட்டையின் கடத்தும் நாடாவைத் திணிக்கும் அவஸ்தை தனி. சிறு கடைகள் இதைத் தாண்டிப் போகலாம்.

## ஒரே பார்வையில்

| | காலை டெஸ்டர் | ஒற்றை ஒயர் | இரட்டை ஒயர் |
|---|---|---|---|
| அறுந்தது தெரிய | அடுத்த சோதனை வரை | உடனே, பெரும்பாலும் | உடனே |
| தோல் தொடர்பு | நேராக அளக்கும் | ஊகிக்கும் | நேராக அளக்கும் |
| சுவர் எர்த் | பார்க்காது | மாடலைப் பொறுத்தது | மாடலைப் பொறுத்தது |
| ஸ்வெட்டர் கைமேல் பட்டை | பிடித்துவிடும் | ஏமாறலாம் | பிடித்துவிடும் |
| மரத்தரை, ஆள் மாற்றம் | பாதிப்பில்லை | எல்லை மாறும் | பாதிப்பில்லை |
| வாங்கும் செலவு | குறைவு, கடைக்கு ஒன்று | நடுத்தரம், பெஞ்சுக்கு ஒன்று | அதிகம், பெஞ்சுக்கு ஒன்று |
| தொடர்செலவு | பேட்டரி, ஒழுங்கு | எல்லை திருத்தும் நேரம் | விலைகூடிய பட்டை, ஒயர் |

## யாருக்கு எது

மொபைல், லேப்டாப் கடை, ஒன்றிரண்டு பேர்: டெஸ்டர், மெட்டல் பட்டை, உபரி ஒயர் ஒன்று. மிச்சப் பணத்தை எலக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள்.

டீ ஃபேக்டரி போர்டு எடுப்பவர்: சீசன் நேரத்தில் ஒரு கலர் சார்ட்டர் நின்றால் ஃபேக்டரிக்கு என்ன நஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும். திரும்பி வரும் ஒரு போர்டின் விலையையும் பேரையும் மானிட்டர் விலையோடு வைத்துப் பாருங்கள். அந்த ஒரு பெஞ்சுக்கு மட்டும் இரட்டை ஒயர் வாங்கலாம். மற்றப் பெஞ்சுகளுக்கு டெஸ்டர். பவர் பகுதியைக் கரண்டோடு சோதிக்கும்போது ஸ்ட்ராப்பையே கழற்றிவிடவேண்டும் என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

போர்டு பொருத்தி வெளியே அனுப்பும் சிறு யூனிட்: வாங்குபவர் ஆடிட்டுக்கு வரும்போது கேட்பார். இரட்டை ஒயர், எல்லாப் பெஞ்சிலும். மானிட்டரையும் சோதிக்கவேண்டும்: வாரத்துக்கு ஒருமுறை ஒயரைப் பிடுங்கினால் கத்துகிறதா என்று பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை தெரிந்த ரெசிஸ்டரை வைத்து எல்லை சரியா என்று பாருங்கள்.

கல்லூரி, பாலிடெக்னிக் லேப்: ஆட்கள் மணிக்கு மணி மாறுவார்கள், ஸ்ட்ராப் கை மாறி உழலும். வாசலில் டெஸ்டர், உள்ளே வரும்போது ஒவ்வொருவரும் ஒரு தடவை அழுத்தவேண்டும்.

வாடகை பங்களாவில் இரண்டு பின் சாக்கெட்டோடு கடை நடத்துபவருக்கு மேலே சொன்ன எந்தப் பெட்டியும் இப்போதைக்கு வேண்டாம். மேட், ஸ்ட்ராப், மெயின்ஸிலிருந்து கழற்றிய போர்டின் கிரவுண்ட் மூன்றையும் ஒரே புள்ளியில் இணையுங்கள். மூன்றும் ஒரே வோல்டேஜில் இருக்கும்வரை அவற்றுக்குள் ஸ்டாட்டிக் பாயாது; வெளியூரில் போய்ச் சர்வீஸ் செய்பவர்கள் கிட்டில் வைத்திருக்கும் வித்தையே இதுதான். பேட்டரியில் ஓடும் சால்டரிங் அயர்ன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வயரிங் மாற்றி எர்த் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கும் வரை, மெயின்ஸ் அயர்னை அந்த அறையில் செருகவேண்டாம்.